வெற்று எடை

காலை நாலே முக்காலுக்கு
விரல்கள் இன்னும் எழுந்திருக்காது.
நான் எழுந்துவிட்டேன் என்று அவற்றுக்கு
யாராவது போய்ச் சொல்ல வேண்டும்.
வெந்நீர் வாளிக்குள் இரண்டு கையையும் விட்டபடி
தெற்கே போகிற சரக்கு ரயில்
கடந்து முடியும்வரை காத்திருப்பேன்.
அது போனதும் கட்டைவிரல் முதலில் வரும்.
சுண்டுவிரல்தான் அடம்,
கடைக்குட்டி இல்லையா.

லாபிஸில், செம்பனை ஆலையில்,
எடைமேடைக் கிராணி நான். பதினோரு வருஷம்.
லாரி குலையோடு ஏறும்: ஓர் எடை.
கொட்டிவிட்டு வெறுமனே ஏறும்: ஓர் எடை.
இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் காசு.
வெற்று வண்டியின் எடைக்கு
யாரும் ஒரு சென் கொடுப்பதில்லை.
ஆனாலும் அதையும் சுமந்துகொண்டுதானே
அத்தனை மேடும் ஏறி வருகிறது.

சிகாமட் மருத்துவமனையில் நோய்க்குப் பெயர் வைத்தார்கள்.
தமிழில் முடக்குவாதமாம்.
முடங்கவில்லையே, பஸ் ஏறித்தானே வந்தேன்.
டாக்டர் ஹஸ்லிண்டா தாளில் வரைந்து காட்டினார்:
காவலுக்கு நிறுத்திய ஆளே உள்ளே புகுந்து
சாமான்களை உடைப்பது மாதிரி.
வலி ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்றார்.
எனக்கு டன்னில் சொல்லத்தான் வரும்.
"எப்போது போகும்?"
"போகாது. அதோடு இருந்து பழகலாம்"
என்று சொல்லிப் பேனாவை மூடினார்.
அந்த மூடி அவ்வளவு லேசாக, டிக்கென்று,
மூடியதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாமானில் ஆளுக்கொரு வைத்தியம்.
முடக்கத்தான் தோசை, நோனிச் சாறு,
இருநூற்று எண்பது வெள்ளிக்குக் காந்த வளையல்
(தவணையும் உண்டு).
"முப்பத்தெட்டு வயசுல மூட்டு வலியா?"
எதிர்வீட்டு இந்திராணி சிரிக்கிறாள்.
முகத்தில் ஒன்றும் தெரியாத நோய் இது.
தைப்பூசத்தன்று எடுத்த படத்தில்
எல்லாரையும்விட நான்தான் நன்றாக இருக்கிறேன்.

சனிக்கிழமை இரவு மஞ்சள் மாத்திரை ஆறு.
ஞாயிறு முழுக்க வாயில் ஆணி வாசனை.
அன்று மட்டும் தர்வின்
டிவி சத்தத்தைத் தானே குறைக்கிறான்.
ஒன்பது வயசு. யாரும் சொல்லித்தரவில்லை.

கதிரேசன் இரவு வேலைக்குக் கிளம்பும் முன்
வீட்டிலுள்ள மூடிகளை எல்லாம்
அரைச்சுற்று தளர்த்தி வைத்துவிட்டுப் போவான்.
உப்பு, ஊறுகாய், மைலோ டின், இருமல் மருந்து.
ஒருநாள் காலை கீச்சாப் போத்தலைக்
கவிழ்த்துக் குலுக்கிவிட்டேன்.
சுவரெல்லாம் கறுப்பு.
கை சொன்னபடி கேட்ட நல்ல நாள் அது.
"இன்னிக்கு நானே தொறந்திருப்பேன்!" என்று கத்தினேன்.
சீருடை கழற்றாமல், துணியோடு நின்றான்.
"எந்த நாள்னு எனக்கு எப்படித் தெரியும்?"
எனக்கே தெரியாது.
அதை அன்றைக்குச் சொல்லவில்லை.
வாசல் நிலையில் ஒரு துளி
இன்னும் காய்ந்தபடி இருக்கிறது.

மழை பெய்த இரவுக்குப் பின்
எடைமேடையில் சேறு அப்பியிருக்கும்.
எவ்வளவு வழித்தாலும் கொஞ்சம் ஒட்டிக்கிடக்கும்.
முதல் லாரி வருமுன் பொத்தானை அழுத்தி
அந்தச் சேற்றோடு சேர்த்தே
சுழியம் என்று வைக்க வேண்டும்.
முதல் வருஷம் அதைப் பொய்க்கணக்கு என்றே நினைத்தேன்.
மேடை இன்று இப்படி இருக்கிறது,
இங்கிருந்துதான் நிறுக்க முடியும்.

இன்று வலது சுண்டுவிரல் வரவேயில்லை.
மற்ற ஒன்பதை வைத்துச் சீட்டெழுதுகிறேன்.
ஆ கியோங் லாரியை நிறுத்திவிட்டு
ஜன்னலுக்குள் கையை விட்டு
முத்திரையைத் தானே எடுத்துக் குத்திக்கொள்கிறான்.
என் கையைப் பார்க்காமல்
பாலத்தடியில் தண்ணீர் ஏறியதைப் பேசுகிறான்.
பின்னால் இன்னும் பதினாலு லாரி.